பதினஞ்சுன்னா எவ்வளவு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம். புடுங்கப் புடுங்க முளைச்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கு எழுதப்போறதும் அந்த ஆணிகளில் ஒண்ணைப் பத்திதான். கொஞ்சம் வறண்ட சப்ஜெக்ட். அளவுகள், அலகுகள், அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி ஒரு மொழியில் எழுதி வைக்கிறது, இதுதான் மேட்டர். "யூனிட்ல என்னடா பதிவு போட இருக்கு?"ன்னு கேக்குறவங்க முதல்ல எங்க அப்பா கதையைக் கேளுங்க. அதுக்கப்புறம் இஷ்டம் இருந்தா படிங்க, இல்லைன்னா அப்பீட் ஆகிக்கலாம் :-)

அப்பாவுக்கு சுகர் உண்டு. பத்து வருஷமா மாத்திரையில் ஓடுது. போன வருஷம் லண்டனில் இருக்கும் பெரியப்பா பொண்ணு ஊருக்கு வந்தப்ப, "சித்தப்பா, இனிமே லேபுக்கு அலைய வேண்டாம்"னு சொல்லி ஒரு சுகர் மெஷினும் ரெண்டு டப்பா ஸ்ட்ரிப்பும் கொடுத்துட்டுப் போனாங்க. அக்கா ஃப்ளைட் ஏறின மறுநாள் காலையில் எனக்கு போன்.

"டேய், அக்கா கொடுத்த மெஷின் டுபாக்கூர்டா. பதினஞ்சு புள்ளி ரெண்டுன்னு காட்டுது. சுகர் பதினஞ்சு இருந்தா நான் இந்நேரம் கோமாவுல கிடக்கணும். எந்திரிச்சு வாக்கிங் போயிட்டு வந்து உங்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

நானும் சிரிச்சுட்டு, "பேட்டரி மாத்திப் பாருங்கப்பா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். மெஷின் பீரோவுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வழக்கமான செக்கப். வெறும் வயித்துல 268. டாக்டர் கடுப்பாயிட்டாரு. மாத்திரை மாறிச்சு, அளவு கூடிச்சு, வீட்டில் அம்மா சமையலே மாறிச்சு.

மெஷின் பொய் சொல்லலைங்க. அது காட்டினது லிட்டருக்கு இத்தனை மில்லிமோல்ங்கிற கணக்கு. இங்கிலாந்தில் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்மூர்ல டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். 15.2-ஐ 18-ஆல் பெருக்கினா கிட்டத்தட்ட 274. மெஷின் அன்னிக்கே "ஐயா, ஆபத்து"ன்னு கத்தியிருக்கு. திரையோட மூலையில் பொடி எழுத்துல அலகும் போட்டிருந்தது. அப்பா எண்ணை மட்டும் படிச்சாரு. அதைவிடக் கேவலம், மருத்துவ டேட்டாவை வெச்சுக்கிட்டுப் பொட்டி தட்டுற நானும் எண்ணை மட்டும்தான் கேட்டேன்.

எண் வேற, அளவு வேற

என் வேலை என்னன்னா, பல லேப்களிலிருந்து வர்ற ரிசல்ட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு நோயாளிக்கு அஞ்சு வருஷ வரலாறு ஒரே வரைபடத்தில் தெரியுற மாதிரி பண்றது. இதுக்கு நாங்க ஆன்டாலஜின்னு ஒண்ணு பயன்படுத்துறோம். தத்துவத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரிய அர்த்தம் இருக்கு, அது நமக்கு வேண்டாம். நம்ம தொழிலில், ஒரு துறையில் என்னென்ன பொருட்கள் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு என்ன உறவுன்னு எழுதி வைக்கிற அகராதி. ஆனா மனுஷன் மட்டுமில்லாம மெஷினும் படிச்சு, அதிலிருந்து தர்க்கம் பண்ணிப் புது முடிவுக்கு வரக்கூடிய அகராதி.

இதை எழுதுறதுக்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004-ல் ஒரு மொழியைத் தரமா அறிவிச்சது. வெப் ஆன்டாலஜி லேங்குவேஜ். முதல் எழுத்துப்படி டபிள்யூ.ஓ.எல்.னுதான் வரணும். ஆந்தை அழகா இருக்குன்னு எழுத்தை மாத்திப் போட்டு 'ஆவ்ல்' ஆக்கிட்டாங்க. 2009-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. இன்னிக்கும் அதுதான் ஓடுது.

இதில் சுகர் ரிசல்ட்டை எப்படி எழுதுவீங்க? புதுசா வர்ற பசங்க எல்லாரும் (நானும்தான்) முதலில் எழுதுறது இப்படி: 'இந்த ரத்த மாதிரி – குளுக்கோஸ் – 126'. முடிஞ்சது ஜோலி. இதுதான் எங்க அப்பா போனில் சொன்னது. எண் இருக்கு, அளவு இல்லை.

அடுத்த கட்டம், ரிசல்ட்டுக்குன்னு தனியா ஒரு முடிச்சு போடுறது. அந்த முடிச்சிலிருந்து ஒரு கோடு எண்ணுக்கு, ஒரு கோடு அலகுக்கு. '126', 'மில்லிகிராம்/டெசிலிட்டர்'. இதுக்குத் தயாரா ஆன்டாலஜிகள் இருக்கு. நாசாவுக்கான ஒரு திட்டத்தில் முளைச்ச க்யூ.யு.டி.டி., நெதர்லாந்தின் வாகனிங்கனில் உருவான ஓ.எம்., இப்படி. ஆயிரக்கணக்கில் அலகுகள், ஒவ்வொண்ணுக்கும் மாற்றுக் காரணி, பரிமாணம், எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. எடுத்து இறக்குமதி பண்ணிக்க வேண்டியதுதான்.

"அப்புறம் என்ன பிரச்சினை? யூனிட் ஃபீல்டு ஒண்ணைச் சேர்த்தாச்சு, லைப்ரரி ஒண்ணைப் போட்டாச்சு, வேற வேலையைப் பாரு" – இது எங்க டேமேஜர். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்: அலகு மட்டும் போதாது. எதை அளந்தோம்ங்கிறதும் சேர்ந்து எழுதப்படணும். அதை எழுதாத மாடல், பாதி உண்மையை முழு உண்மை மாதிரி காட்டும்.

படியும் கிலோவும்

எங்க பாட்டி அரிசியைப் படியில்தான் அளப்பாங்க. சின்ன வயசில் நான் கேட்டிருக்கேன், "ஒரு படி எத்தனை கிலோ பாட்டி?" "என்னத்தை அளக்குறேன்னு சொல்லுடா முதல்ல"ன்னாங்க. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா என்ன? படி கொள்ளளவு, கிலோ எடை. ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா நடுவில் பொருளோட அடர்த்தி வேணும். பாட்டி எந்த ஆன்டாலஜியும் படிக்கலை.

இதே விஷயத்தில் தடுக்கி விழுந்த பெரிய கதை ஒண்ணு கனடாவில் நடந்திருக்கு. 1983 ஜூலை 23. ஏர் கனடாவோட போயிங் 767. அந்தக் கம்பெனியில் கிலோகிராம் கணக்கில் எரிபொருள் பார்க்கிற முதல் ரக விமானம் அதுதான். எரிபொருள் அளக்கும் கருவி அன்னிக்கு வேலை செய்யலை. அதனால் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்து, கையால கணக்கு போட்டாங்க. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. டேங்கில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையா மாத்த 1.77-ஆல் பெருக்கினாங்க. அந்த 1.77 லிட்டருக்கு எத்தனை பவுண்டுங்கிற கணக்கு. கிலோவுக்குன்னா 0.80 சொச்சம் போட்டிருக்கணும். விளைவு, 20,000 லிட்டருக்கு மேல ஊத்த வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊத்திட்டு வண்டியைக் கிளப்பிட்டாங்க. 41,000 அடி உயரத்தில் இன்ஜின்கள் அணைய ஆரம்பிச்சுது. விமானி அந்த ராட்சசனை கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லிங்கிற ஊரில் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினாரு. உள்ளே இருந்த 69 பேரும் பிழைச்சாங்க.

இதில் கவனிங்க. 1.77 தப்பான எண் இல்லை. அது சரியான எண்ணுதான், வேற கேள்விக்கு. "அடர்த்தி 1.77"னு சொன்னவர் அலகைச் சொல்லலை, கேட்டவர் கேக்கலை. எல்லாரும் உதாரணம் காட்டுற செவ்வாய் கதையும் அதே கதைதான். 1999 செப்டம்பரில் நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் காணாமப் போச்சு. ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு-விசை நொடிகளில் கொடுத்ததை, இன்னொரு பக்கம் நியூட்டன் நொடிகளா எடுத்துக்கிச்சு. வித்தியாசம் 4.45 மடங்கு. ரெண்டு ஃபைலுக்கு நடுவில் போன எண்ணில் அலகு ஒட்டியிருக்கலை.

இந்த பவுண்டுங்கிற சொல்லையே பாருங்க. எடையும் பவுண்டு, விசையும் பவுண்டு, லண்டன் அக்கா சம்பாதிக்கிறதும் பவுண்டு. நம்மூர் நகைக்கடைக்கு வந்தா அது பவுனாகி எட்டு கிராம் தங்கம் ஆயிடுது. வெறும் பேரை மட்டும் வெச்சு ஒரு மெஷின் என்ன பண்ணும்?

எங்கே மாத்தணுமோ அங்கே மறுக்கும்

இப்ப சுகருக்கு வருவோம். மில்லிகிராம்/டெசிலிட்டரை மில்லிமோல்/லிட்டர் ஆக்க 18-ஆல் வகுக்கணும்னு சொன்னேன் இல்லையா? அந்த 18 எங்கிருந்து வந்தது? குளுக்கோஸோட மூலக்கூறு நிறை ஒரு மோலுக்கு 180 கிராம். அதிலிருந்து வந்தது. அதாவது அது அலகோட சொத்து இல்லை, குளுக்கோஸோட சொத்து. கொலஸ்ட்ராலுக்கு அதே மாற்றத்துக்கு 38.67.

இதுவும் எங்க வீட்டிலேயே நடந்துச்சு. விஷயம் புரிஞ்சதும் அப்பா மெஷின் பைக்கு மேல ஸ்கெட்ச் பேனாவால "18-ஆல் பெருக்கு"ன்னு எழுதி ஒட்டிட்டாரு. அடுத்த மாசம் அக்கா போனில் தன்னோட கொலஸ்ட்ரால் 5.2-ன்னு சொன்னப்ப, அப்பா மனசுக்குள்ள பெருக்கி, "தொண்ணூத்தி மூணுதான், சூப்பர்மா, நெய் ஊத்திச் சாப்பிடு"ன்னுட்டாரு. உண்மையில் அது 201. நெய்யைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டிய எண் :-)

தொழில் ரீதியா சொன்னா, ஒண்ணு நிறைச் செறிவு, இன்னொண்ணு மோல் செறிவு. ரெண்டும் வேற வேற வகை அளவு, பரிமாணமே வேற. அதனால் நல்ல அலகு லைப்ரரிகிட்ட மில்லிகிராம்/டெசிலிட்டரை மில்லிமோல்/லிட்டர் ஆக்குன்னு கேட்டா, "முடியாது போ"ன்னு சொல்லிடும். நியாயமான மறுப்பு. நம்ம கையில் பொருள் என்னன்னு எழுதி வெச்சிருந்தாதான் மேற்கொண்டு போக முடியும்.

எங்கே மறுக்கணுமோ அங்கே மாத்தும்

இனி என் சொந்த மானக்கேட்டுக் கதை. மூணு மாச ஆவரேஜ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, எச்பிஏ1சி. நம்மூரில் சதவீதத்தில் சொல்லுவாங்க. 6.5 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சர்க்கரை நோய். இங்கிலாந்து போன்ற நாடுகளில் மோலுக்கு இத்தனை மில்லிமோல்னு சொல்லுவாங்க. அங்கே அதே எல்லைக்கோடு 48.

ஒரு நாள், வெளிநாட்டு லேபிலிருந்து வந்த ரிசல்ட்டுகளை சதவீதமா மாத்துற கோடு எழுதுற வேலை எங்கிட்ட வந்தது. மோலுக்கு மில்லிமோல்னா ஆயிரத்தில் ஒரு பங்கு. சதவீதம்னா நூறில் ஒரு பங்கு. ரெண்டுமே வெறும் விகிதம், பரிமாணம் கிடையாது. லைப்ரரிகிட்ட கேட்டேன். முகம் சுளிக்காம மாத்திக் கொடுத்துச்சு. 48 மில்லிமோல்/மோல், அதாவது 4.8 சதவீதம்.

பாத்தீங்களா? கணக்கில் தப்பே இல்லை. அலகு மாற்றம் நூத்துக்கு நூறு சரி. ஆனா 4.8-ன்னா ஆரோக்கியமான ஆள். 48-ன்னா சர்க்கரை நோயாளி. என் கோடு ஒரே வரியில் நோயாளிகளையெல்லாம் குணப்படுத்திடுச்சு. டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் பச்சை. க்ளையன்ட் பக்கத்து டாக்டரம்மா ஒருத்தர் டெமோவில் வரைபடத்தைப் பார்த்துட்டு, "இவங்க எல்லாருக்கும் ஒரே மாசத்தில் சரியாயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி யாரும் கவனிக்கலை. ஒரு நோயாளிகிட்ட போறதுக்கு முன்னாடி பிடிபட்டதால இன்னிக்கு இதைச் சிரிச்சுக்கிட்டு எழுத முடியுது. போயிருந்தா? அப்பாவோட 15.2 தான் ஞாபகம் வருது.

ஏன் இப்படி ஆச்சு? ரெண்டு எண்களும் ஒரே பேரில் இருந்தாலும், அளக்கப்படுவது ஒண்ணு இல்லை. சதவீதக் கணக்கு பழைய அளவீட்டு முறைகளை ஒட்டி வந்தது. 1993-ல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வோட எண்களோடு ஒத்துப்போற மாதிரி தரப்படுத்தினது. அந்த முறைகள் நமக்கு வேண்டிய மூலக்கூறோடு வேற சிலதையும் சேர்த்து எண்ணிடும். அதனால எண் கொஞ்சம் கூடுதலா வரும். பின்னாடி வந்த பன்னாட்டு முறை குறிப்பிட்ட அந்த மூலக்கூறை மட்டும் துல்லியமா எண்ணுது. ரெண்டுக்கும் இடையில் உள்ள உறவு வெறும் பெருக்கல் இல்லை. 0.09148-ஆல் பெருக்கி 2.152 கூட்டணும். 48-ஐப் போட்டுப் பாருங்க, 6.5 வரும். அந்த 2.152 எந்த அலகு அட்டவணையிலும் இருக்காது. ஏன்னா அது அலகு பத்தின உண்மையே இல்லை. ரெண்டு அளவீட்டு முறைகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிச்ச உண்மை.

ஆக, சுகரில் மாத்த வேண்டிய இடத்தில் லைப்ரரி மறுத்துச்சு. ஆவரேஜில் மறுக்க வேண்டிய இடத்தில் மாத்திச்சு. ரெண்டு இடத்திலும் அலகு பக்காவா எழுதப்பட்டிருந்தது. அதனாலதான் சொல்றேன், "யூனிட் போட்டாச்சு"ங்கிறது முடிவு இல்லை, ஆரம்பம்.

அளவியல் ஆட்கள் இதை எப்பவோ யோசிச்சு வெச்சிருக்காங்க. பன்னாட்டு அளவியல் சொற்தொகுதின்னு ஒரு ஆவணம், மூணாம் பதிப்போட 2012 வடிவம் இலவசமாகவே கிடைக்குது. அதில் அளவு வேற, அளவின் மதிப்பு வேற, அளவின் வகை வேற, அளக்கக் கருதியது வேற. எல்லாத்துக்கும் தனித்தனிச் சொல். ஒரே பரிமாணம் இருக்கிறதால ரெண்டு அளவு ஒரே வகை ஆயிடாதுன்னும் சொல்றாங்க. திருப்புவிசைக்கும் ஆற்றலுக்கும் பரிமாணம் ஒண்ணுதான், ஆனா ரெண்டையும் கூட்ட முடியாது. நமக்கு இன்னொரு சிக்கல். தமிழில் இதெல்லாத்துக்கும் 'அளவு'ங்கிற ஒரே சொல்லை வெச்சு ஓட்டிடுறோம். சட்டை அளவும் அளவுதான், உப்பு அளவும் அளவுதான். இலங்கைப் பாடப்புத்தகங்களில் 'கணியம்'னு ஒரு தனிச் சொல் வெச்சிருக்காங்க. நல்ல சொல். நாமளும் கடன் வாங்கிக்கலாம்.

ஆந்தைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

சரி, வகை, பொருள், முறை எல்லாத்தையும் ஆவ்ல் மொழியில் எழுதிட்டா தப்பே நடக்காதா? இங்கேதான் என் ரெண்டாவது கருத்து. ஆவ்ல் பத்தி நிறைய பேருக்குத் தப்பான எதிர்பார்ப்பு இருக்கு.

முதல் விஷயம். 'ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் ஒரு அலகு உண்டு'ன்னு விதி எழுதுறீங்க. அலகே இல்லாம ஒரு ரிசல்ட் வருது. ஆவ்ல் கத்துமா? கத்தாது. டேட்டாபேஸ் வந்து பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி. ஹால் டிக்கெட் இல்லையா, வெளியே போ. ஆவ்ல் கல்யாண வீட்டு மாமா மாதிரி. "பத்திரிகை வரலையா? அனுப்பியிருப்பாங்க, தபாலில் வந்துக்கிட்டிருக்கும்"னு அவரே சமாதானம் சொல்லிக்குவாரு. சொல்லப்படாதது எதுவும் இல்லைன்னு அர்த்தம் இல்லை, நமக்கு இன்னும் தெரியலைன்னுதான் அர்த்தம். இது அந்த மொழியோட அடிப்படைக் கொள்கை. அறிவைச் சேர்க்கிறதுக்கு நல்ல கொள்கை. ஓட்டை இருக்கிற டேட்டாவைப் பிடிக்க உதவாது.

ரெண்டாவது இன்னும் தமாஷ். 'ஒரு ரிசல்ட்டுக்கு ஒரே ஒரு அலகுதான்'னு விதி போடுறோம். எவனோ தப்பா ஒரே ரிசல்ட்டுக்குக் கிலோவும் பவுண்டும் போட்டுட்டான். ஆவ்ல் தப்புன்னு சொல்லாது. முருகனோட அப்பா சிவன், முருகனோட அப்பா பரமசிவன், அப்பா ஒருத்தர்தான் இருக்க முடியும், அப்படின்னா சிவனும் பரமசிவனும் ஒரே ஆள், இப்படி யோசிக்கிற மொழி அது. அதே தர்க்கத்தில் கிலோகிராமும் பவுண்டும் ஒண்ணுதான்னு முடிவு கட்டிடும். அந்த முடிவு மொத்த டேட்டாவிலும் பரவும். ரெண்டும் வேற வேறன்னு நாம வெளிப்படையா எழுதி வெச்சிருந்தாதான் முரண்பாடுன்னு சொல்லும்.

மூணாவது, அதுக்குக் கணக்கு வராது. 126-க்கு மேலயா கீழயான்னு எல்லை பார்க்கத் தெரியும். 18-ஆல் வகுக்கத் தெரியாது. மாற்றுக் காரணியை உள்ளே எழுதி வைக்கலாம், அதை எடுத்துப் பெருக்குறது வெளியே இருக்கிற கோடுதான்.

அப்ப இந்த மொழி தண்டமா? இல்லைங்க. எது என்ன, எதுக்கு எது உறவு, எது எதுவோட வகை, எதையும் எதையும் கலக்கக் கூடாது – இந்த அர்த்தத்தைச் சொல்றதுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கலை. 'நிறைச் செறிவும் மோல் செறிவும் ஒருபோதும் ஒண்ணில்லை'ன்னு ஒரு வரி எழுதி வெச்சா, ஒரே அளவை ரெண்டுமான்னு எவனாவது எழுதினா உடனே முரண்பாடு தெரியும். ஓட்டை பிடிக்கிறதுக்கு 2017-ல் வந்த ஷேக்கிள்னு தனி மொழி இருக்கு. அது நம்ம பரீட்சை ஹால் வாத்தியார். கணக்குக்கு சாதாரண கோடு. மூணும் மூணு வேலை. ஒருத்தர் தலையில் மூணையும் கட்டினாதான் வம்பு.

"இவ்வளவு தேவையா?"

எங்க டேமேஜர் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். ஒரு டேபிள் வரிசையில் முடியுற ரிசல்ட், முழு மாடலில் ஆறேழு வாக்கியமாகுது. பத்து லட்சம் ரிசல்ட்டுன்னா அறுபது, எழுபது லட்சம் வாக்கியம். கொர்ரி மெதுவாகும், புதுப் பையன் புரிஞ்சுக்க ஒரு மாசம் ஆகும். இன்னொரு பக்கம் ஆன்டாலஜி பண்டிதர்கள் கூட்டம். கிலோகிராம்ங்கிறது வகுப்பா, தனிப் பொருளான்னே இன்னும் ஒத்துப்போகலை. க்யூ.யு.டி.டி.யிலும் ஓ.எம்.மிலும் அது தனிப் பொருள், உயிரியல்காரங்க பயன்படுத்துற யூனிட் ஆன்டாலஜியில் வகுப்பு. இந்தச் சண்டையில் மாட்டினா ப்ராஜெக்ட் முடியாது. ரெண்டு புகாருமே உண்மைதான்.

என் பதில் இதுதான். ஒவ்வொரு ரிசல்ட்டிலும் எல்லாத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டாம். 'வெறும் வயிற்று குளுக்கோஸ், நிறைச் செறிவு, மில்லிகிராம்/டெசிலிட்டர்'னு ஒரு பண்பை ஒரே ஒரு தடவை முழுசா வரையறுத்துட்டு, கீழே எண்ணை மட்டும் போடலாம். லேப் டெஸ்ட்டுகளுக்குக் குறியீடு கொடுக்கிற லாயின்க் பட்டியலே அப்படித்தான் பண்ணுது. குளுக்கோஸை நிறையில் அளந்தா ஒரு குறியீடு, மோலில் அளந்தா வேற குறியீடு. சுருக்கம் தப்பில்லை. எங்கேயுமே எழுதாம மனசுக்குள்ள வெச்சுக்கிறதுதான் தப்பு. அதோட, லேப் அனுப்பின மூல எண்ணையும் அலகையும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீங்க. மாத்தின எண் பக்கத்தில் இருக்கட்டும். என் 4.8 கூத்தைச் சரி பண்ண முடிஞ்சதே பழைய 48 பத்திரமா இருந்ததாலதான்.

வகுப்பா, தனிப் பொருளாங்கிற சண்டைக்கு என் பதில், எதையாவது ஒண்ணை எடுத்துக்கிட்டு எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடிங்க. அதில் தப்பு செஞ்சு யாரும் சாகப்போறதில்லை. எதை அளந்தோம்னு எழுதாம விட்டா சாக வாய்ப்பு இருக்கு. நேரத்தை எங்கே செலவழிக்கிறதுன்னு முடிவு பண்ண எனக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

நம்ம ஆளுங்க ஸ்கிரீன் அழகுக்கு ரெண்டு மாசம் கொடுப்பாங்க, வேகத்துக்கு ஒரு மாசம் கொடுப்பாங்க, அளவுகளைச் சரியா எழுதுறதுக்கு ஒரு மதியம்கூட கொடுக்க மாட்டாங்க. "யூனிட்தானே"ன்னு ஒரு இளக்காரம். அந்த 'தானே'வை விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

அப்பா இப்ப தினமும் காலையில் அதே லண்டன் மெஷினில்தான் பார்க்கிறாரு. இன்னிக்குக் காலையில் போன். "ஏழு புள்ளி ஒண்ணு. மில்லிமோல்டா. குளுக்கோஸ், வெறும் வயிறு, பல்லு வெளக்கினதும் எடுத்தது. எழுதிக்கிட்டியா?"

எழுதிக்கிட்டேன்ப்பா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதில் இருக்கிற எண்களை வெச்சு யாரும் மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீங்க. உங்க வீட்டிலும் வெளிநாட்டு மெஷின் இருந்தா, எழுந்து போய் அதன் திரையோட மூலையைப் பார்த்துட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்க.